ஒரு புள்ளியில் குவியாத பார்வை

தமிழ் எழுத்துகளில் புள்ளிக்கு உரிய மதிப்பு பெரிது. 'கண்' என்னும் சொல்லில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி மறைந்தால் அச்சொல் 'கண' என்றாகிவிடும். தெலுங்கில் சில எழுத்துகளின் அடியில் இடப்படும் ஒரு சிறு கோடு அவற்றின் ஒலியையே மாற்றிவிடும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பயிலும் தமிழ் மாணவர்கள் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எனப் பல எழுத்து வடிவங்களை ஒரே நாளில் படிக்கின்றனர். கரும்பலகையில் உள்ள புள்ளி இழுபட்ட கோடாகவும், கோடு நிழல் படிந்த இரட்டைக் கோடாகவும் ஒரு மாணவருக்குத் தோன்றுமானால், அவர் பிழையாகப் படிப்பது கவனக்குறைவால் அன்று. அவருடைய கண்ணில் 'பார்வைச் சிதறல்' என்னும் குறைபாடு இருக்கக்கூடும். மருத்துவர்கள் இதனை 'அஸ்டிக்மாட்டிசம்' என்பர்.

இக்குறைபாட்டின் தன்மை யாது, கண்ணாடி அதனை எவ்வாறு சரிசெய்கிறது, புதிய கண்ணாடி அணிந்தவுடன் தரை சாய்வதுபோல் தோன்றுவது ஏன், அதனை எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளலாம், எப்போது மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கார்னியாவும் கிளிமூக்கு மாம்பழமும்

கண்ணின் முன்புறத்தில், கருவிழியின்மேல் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு படலம் உள்ளது. அதற்குக் கார்னியா என்று பெயர். வெளியிலிருந்து வரும் ஒளியை முதலில் வளைத்துக் குவிப்பது இப்படலமே. கண்ணின் மொத்தக் குவிப்புத்திறன் ஏறத்தாழ 60 டையாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவால் கிடைக்கிறது. எஞ்சிய பங்கை உள்ளிருக்கும் விழிவில்லை தருகிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஒளிக்கதிர்களை விழித்திரையில் ஒரே புள்ளியில் குவித்தால் காட்சி தெளிவாக அமையும்.

இதற்குக் கார்னியா ஒரு பந்தின் மேற்பரப்பைப்போல எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு வளைந்திருக்க வேண்டும். சிலருக்கு அவ்வாறு அமைவதில்லை. சித்தூர்ப் பகுதித் தோப்புகளில் மிகுதியாக விளையும் தோத்தாபுரி மாம்பழத்தைத் தமிழர் கிளிமூக்கு மாம்பழம் என்பர். அதனைக் கையில் எடுத்து நெடுக்காகத் தடவினால் வளைவு மென்மையாக இருக்கும். குறுக்காகத் தடவினால் வளைவு மிகுதியாக இருக்கும். பார்வைச் சிதறல் உள்ளவரின் கார்னியாவும் இத்தகையதே. ஆனால், வேறுபாடு மிக நுண்ணியது. இரு திசைகளின் வளைவு ஆரங்கள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வேறுபட்டாலே ஏறத்தாழ ஒரு டையாப்டர் அளவு குறைபாடு தோன்றிவிடும். சிலருக்கு விழிவில்லையின் அமைப்பாலும் இக்குறைபாடு ஏற்படும்.

இவ்வாறு வளைவு வேறுபட்ட கண்ணில் ஒரு திசைக்குரிய கதிர்கள் முன்னதாகவும், அதற்குச் செங்குத்தான திசைக்குரிய கதிர்கள் பின்னதாகவும் குவிகின்றன. ஆகவே, ஒரு புள்ளி விழித்திரையில் புள்ளியாக விழாமல் நீண்ட கோடாகவோ மங்கிய வட்டமாகவோ விழுகிறது. கிட்டப்பார்வை மட்டும் உடையவர் பொருளை அருகில் கொண்டுவந்தால் தெளிவாகக் காண்பார். பார்வைச் சிதறல் உடையவருக்கோ பொருளை எத்தொலைவில் வைத்தாலும் முழுத் தெளிவு கிடைப்பதில்லை. சன்னல் கம்பிகளைப் பார்க்கும்போது நிமிர்ந்த கம்பிகள் தெளிவாகவும் கிடைக்கம்பிகள் மங்கலாகவும் தோன்றலாம். அல்லது இது மாறியும் அமையலாம். இரவில் வண்டிகளின் முகப்பு விளக்குகள் இழுபட்ட கதிர்களாகத் தெரியலாம். கண்ணை இடுக்கிப் பார்த்தல், தலையைச் சாய்த்துப் படித்தல், மாலையில் நெற்றி வலித்தல் ஆகியவையும் இதன் அறிகுறிகளே.

சிறிதளவு பார்வைச் சிதறல் மக்களுள் பலருக்கும் உண்டு. அதற்குக் கண்ணாடி தேவைப்படாது. மிகுதியாக இருப்பவர்க்கே திருத்தம் வேண்டும். இக்குறைபாடு பெரும்பாலும் கண்ணின் பிறவி அமைப்பைச் சார்ந்தது. தொலைக்காட்சி பார்த்ததாலோ, படுத்துக்கொண்டு படித்ததாலோ வந்தது என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. சொட்டு மருந்தாலும் கண் பயிற்சியாலும் கார்னியாவின் வடிவம் மாறாது.

தம் கண்ணையே ஆராய்ந்த அறிஞர்கள்

இக்குறைபாட்டை முதலில் ஆராய்ந்து விளக்கியவர் இங்கிலாந்து அறிஞர் தாமஸ் யங். 1801-ஆம் ஆண்டு வெளிவந்த தம் கட்டுரையில், தம்முடைய கண்ணில் கிடைத்திசையும் நிமிர்திசையும் வெவ்வேறு இடங்களில் குவிவதை அவர் எடுத்துரைத்தார். கார்னியாவின் வேலையை நீக்கிப் பார்க்க விரும்பிய அவர், வில்லை பொருத்திய சிறு குழாயில் நீரை நிரப்பி அதனைக் கண்ணோடு பொருத்திக்கொண்டார். அப்போதும் குறைபாடு நீங்கவில்லை. எனவே, தமக்கு அது விழிவில்லையால் வந்தது என்று முடிவு செய்தார்.

யங்கின் கட்டுரை வெளிவந்த அதே 1801-இல் பிறந்தவர் வானியல் அறிஞர் ஜார்ஜ் பிடெல் ஏரி. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய இளமைக் காலத்தில், படிக்கும்போது தம் இடக்கண் பயன்படுவதே இல்லை என்பதை இவர் உணர்ந்தார். அட்டையில் ஊசித்துளை இட்டு, அதன் வழியே வரும் ஒளிப்புள்ளியை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துப் பார்த்தார். ஒரு தொலைவில் புள்ளி ஒரு கோடாகவும், மற்றொரு தொலைவில் அதற்குக் குறுக்கான கோடாகவும் தெரிந்தது. அத்தொலைவுகளை அளந்து, ஒரு பக்கம் கோள வளைவும் மறுபக்கம் உருளை வளைவும் கொண்ட வில்லையைக் கணக்கிட்டார். இப்சுவிச்சு நகரக் கண்ணாடிக் கலைஞர் ஒருவர் அதனைச் செய்து கொடுத்தார். 1825-இல் ஏரி இச்செய்தியை அறிஞர் அவையில் அறிவித்தார். பிற்காலத்திலும் தம் கண்ணின் அளவு மாறுவதை அவர் தொடர்ந்து குறித்துவந்தார்.

'புள்ளி இல்லாமை' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக்கொண்டு 'அஸ்டிக்மாட்டிசம்' என்னும் பெயரை ஆக்கியவர் வில்லியம் வீவல். பின்னர் நெதர்லாந்து மருத்துவர் பிரான்ஸ் தோண்டர்சு இக்குறைபாட்டைக் கண் மருத்துவத்தின் அன்றாடப் பகுதியாக்கினார். அவருடன் பணியாற்றிய ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் எழுத்து அளவுகள் படிப்படியாகக் குறையும் சோதனை அட்டையை உருவாக்கினார். இன்று பள்ளிகளில் தொங்கவிடப்படும் அட்டைகள் அதன் வழிவந்தவையே.

கண்ணாடிச் சீட்டைப் படிக்கும் முறை

உருளை வில்லை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை வீட்டிலேயே காணலாம். நேரான கண்ணாடிக் குவளை ஒன்றில் நீர் நிரப்பி, அதன் பின்புறத்தை ஒட்டிச் செய்தித்தாளை வைத்து முன்புறமாகப் பார்க்க வேண்டும். எழுத்துகள் அகலத்தில் பெருத்துத் தோன்றும், உயரத்தில் மாறா. ஒரு திசையில் மட்டும் ஒளியை வளைப்பதே உருளை வில்லையின் இயல்பு. கார்னியாவில் எத்திசையில் வளைவு பொருந்தவில்லையோ அத்திசையில் மட்டும் இவ்வில்லை ஈடுசெய்கிறது.

மருத்துவர் தரும் கண்ணாடிச் சீட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் 'ஸ்பியர்' எனப்படும் கோள அளவு. இது கிட்டப்பார்வையையோ தூரப்பார்வையையோ திருத்துவது. இரண்டாம் எண் 'சிலிண்டர்' எனப்படும் உருளை அளவு. இதுவே பார்வைச் சிதறலின் அளவு. மூன்றாம் எண் 'ஆக்சிஸ்' எனப்படும் அச்சு. இது 1 முதல் 180 பாகை வரை அமையும். சான்றாக −1.00, −1.50, 170 என்று சீட்டில் இருந்தால், அதில் 170 என்பது குறைபாட்டின் அளவன்று; உருளை வில்லை எத்திசையில் பொருத்தப்பட வேண்டும் என்பதற்கான குறிப்பு. இதனை அறியாமல், "பிள்ளைக்கு 170 பவர் வந்துவிட்டதே!" என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் தேவையற்றது.

இன்னொரு குழப்பமும் நேர்வதுண்டு. ஓர் இடத்தில் −1.00, −1.50, 180 என்றும், மற்றோர் இடத்தில் −2.50, +1.50, 90 என்றும் சீட்டு எழுதித் தரலாம். எண்கள் வேறுபட்டாலும் இரண்டும் ஒரே வில்லையையே குறிக்கின்றன. எழுதும் முறைதான் வேறு.

அச்சின் திசை சரியாக அமைவது மிக இன்றியமையாதது. வில்லை 10 பாகை திரும்பிவிட்டால் அதன் பயனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 30 பாகை திரும்பினால் எஞ்சும் பார்வைச் சிதறல், கண்ணாடியே அணியாதபோது இருந்த அளவுக்கு வந்துவிடும். சட்டம் வளைந்த கண்ணாடியும், வட்டச் சட்டத்துக்குள் சுழன்றுவிட்ட வில்லையும் தொல்லை தருவது இதனால்தான். சோதனையின்போது மருத்துவர், "முதலாவது தெளிவா, இரண்டாவது தெளிவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். அவர் அச்சின் திசையையும் உருளை அளவையும் நுட்பமாக்குவதற்கே அவ்வாறு கேட்கிறார். அது தேர்வு வினா அன்று. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் அவ்வாறே கூறலாம். மருத்துவரை மகிழ்விக்க எண்ணிக் கூறும் விடையே தவறான விடை.

தரை சாய்வது ஏன்?

முதன்முறையாக உருளை வில்லை அணிந்தவர்க்கும், அளவோ அச்சோ மாறிய புதிய கண்ணாடி பெற்றவர்க்கும் முதல் நாளில் ஒரு திகைப்பு ஏற்படும். எழுத்துகள் கூர்மையாகத் தெரியும். ஆனால் தரை ஒருபுறம் சாய்ந்திருக்கும். கதவின் நிலை வளைந்து தோன்றும். சதுரத் தரைக்கற்கள் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகித் தெரியும். தலையைத் திருப்பினால் காட்சி மிதப்பதுபோல் இருக்கும். சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும்.

இதற்குக் காரணம் உருளை வில்லையின் இயல்பிலேயே உள்ளது. ஒரு திசையில் மட்டும் அது பார்வையைத் திருத்துவதால், அத்திசையில் மட்டும் உருவத்தைச் சிறிது பெருக்கவோ சுருக்கவோ செய்கிறது. அச்சு கிடையாகவோ நிமிர்ந்தோ இல்லாமல் குறுக்குச் சாய்வாக இருந்தால், நேர்க்கோடுகளும் சாய்வாகத் தோன்றும். மேலும், இரு கண்களிலும் இம்மாற்றம் ஒரே வகையாக நிகழ்வதில்லை. இரு கண்களின் காட்சிகளையும் ஒப்பிட்டே மூளை தொலைவையும் ஆழத்தையும் கணிக்கிறது. காட்சிகள் வேறுபடும்போது அக்கணிப்பு தடுமாறித் தட்டையான தரையும் சரிவாகத் தெரிகிறது.

பல ஆண்டுகள் மங்கலான காட்சியையே இயல்பாகக் கருதி வந்த மூளை, புதிய காட்சியைக் கற்றுக்கொள்ளச் சில நாள்கள் வேண்டும். பெரும்பாலோர்க்குச் சில நாள்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் தரை சமனாகிவிடும். கண்ணாடி மாறவில்லை, மூளை பழகிவிட்டது. பெரியவர்களைவிடச் சிறுவர்கள் விரைவில் பழகிவிடுவர்.

பழகும் நாள்களில் சில முறைகளைக் கைக்கொள்வது நன்று. காலையில் எழுந்தவுடன் புதிய கண்ணாடியை அணிந்து, முதலில் வீட்டுக்குள் இருந்து பழக வேண்டும். பழைய கண்ணாடியையும் புதியதையும் மாறிமாறி அணிந்தால் மூளை எதனையும் கற்றுக்கொள்ளாது. படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். திருமலைக்குச் செல்லும் அலிபிரி நடைபாதையில் சுமார் 3550 படிகள் உள்ளன. புதிய கண்ணாடி பெற்ற மறுநாளே அத்தகைய பாதையில் செல்வதைத் தவிர்ப்பது அறிவுடைமை. மிதிவண்டி ஓட்டுவதையும் ஓரிரு நாள் தள்ளிப்போடலாம்.

எப்போது பொறுத்திருக்கக்கூடாது?

பழகிவிடும் என்று சொல்லி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதும் பிழையே. இரண்டு வாரங்களுக்குப் பின்னரும் தரை சாய்ந்தால், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், பழைய கண்ணாடியைவிடப் புதியதில் எழுத்துகள் மங்கினால், கண்ணாடியைத் திரும்பச் சோதிக்க வேண்டும். வில்லையின் அச்சு சீட்டில் உள்ளவாறு அமைந்துள்ளதா, சட்டம் நேராக உள்ளதா, வில்லையின் மையம் கண்மணிக்கு நேராக உள்ளதா என்பனவற்றைக் கண்ணாடிக் கடையில் உள்ள கருவியால் சில நிமிடங்களில் அறியலாம். அவை சரியாக இருந்தால் கண்ணையே மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இங்கேதான் உண்மையான இடர்ப்பாடு தோன்றுகிறது. சித்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பலர் திருப்பதிக்கோ, எல்லை தாண்டி வேலூருக்கோ சென்று கண்ணைச் சோதிக்கின்றனர். கண்ணாடி ஒத்துவரவில்லை என்றால் மீண்டும் பேருந்துக் கட்டணம் வேண்டும். தாயோ தந்தையோ ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். இதனை நினைத்துப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. "போட்டுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பையின் அடியில் வைத்துவிடுகின்றனர். 'சோடாபுட்டி' என்று உடன்பயில்வோர் கேலி செய்வார்களே என்னும் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. உறைக்குள் கிடக்கும் கண்ணாடி ஒருவர்க்கும் பயன்படாது. தொல்லையை வீட்டில் சொல்வது செலவு வைப்பதாகாது. ஏற்கெனவே செய்த செலவைக் காப்பதாகும்.

காலம் தவறினால் வரும் இழப்பு

சிறுவயதில் மிகுதியான பார்வைச் சிதறலைத் திருத்தாமல் விட்டால், மங்கிய படத்தையே பெறும் மூளைப்பகுதி சரியாக வளர்வதில்லை. பின்னர்க் கண்ணாடி அணிந்தாலும் அக்கண்ணில் முழுத் தெளிவு கிடைக்காது. இதனைச் 'சோம்பல் கண்' என்பர். ஒரு கண்ணில் மட்டும் குறைபாடு இருக்கும் குழந்தை நல்ல கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால், எவரும் அதனை அறிவதில்லை. எனவே, குழந்தை முறையிடும்வரை காத்திராமல் பள்ளிப் பருவத்தின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வளரும் பருவத்தில் கண்ணாடி அளவு சிறிது சிறிதாக மாறுவது இயல்பு. ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தால் போதும். ஆனால், சில மாதங்களுக்குள் உருளை அளவும் அச்சும் பெரிதும் மாறிக்கொண்டே இருந்தால், கார்னியா மெலிந்து கூம்புபோல் புடைக்கும் நோயாக இருக்கலாம். ஒவ்வாமையால் கண் அரிக்கும்போது கடுமையாகத் தேய்ப்பது இந்நோயை வளர்க்கும். தொடக்கத்தில் கண்டறிந்தால் மேலும் முற்றாமல் தடுக்கச் சிகிச்சை உண்டு. அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் வைத்து, மருத்துவரைக் காண்பதே தக்கது.

உதவிக்கு உள்ள வாயில்கள்

கண்ணின் அருமை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. சேக்கிழார் பெரியபுராணத்தில் போற்றும் கண்ணப்பர் தம் கண்ணை அளித்த திருக்காளத்தி, இன்றைய திருப்பதி மாவட்டத்தில்தான் உள்ளது. சித்தூர்ப் பகுதி முன்பு சென்னை மாகாணத்தில் இருந்தது. அம்மாகாணத்தின் தலைநகரான சென்னையில் 1819-ஆம் ஆண்டிலேயே கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. எழும்பூரில் இன்றும் இயங்கும் அரசு கண் மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று திருப்பதியிலும் செயல்படுகிறது. திருப்பதியின் ருயா அரசு மருத்துவமனையிலும் கண் மருத்துவப் பிரிவு உண்டு. அந்த 1976-ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்குவதும் அத்திட்டத்தின் பணிகளுள் ஒன்று. ஆந்திர அரசு 2019 அக்டோபர் 10 அன்று 'கண்டி வெலுகு' என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, முதற்கட்டமாகச் சுமார் 70 இலட்சம் பள்ளி மாணவர்களின் கண்களைச் சோதிப்பதை இலக்காகக் கொண்டது. 'கண்ணுக்கு ஒளி' என்பது அப்பெயரின் பொருள்.

திட்டங்கள் கண்ணாடியைக் கையில் கொண்டுவந்து சேர்க்கும். அதனை நாள்தோறும் முகத்தில் அணிவதும், முதல் இரண்டு வாரங்களின் தடுமாற்றத்தைக் கடப்பதும், ஒத்துவராவிட்டால் துணிந்து சொல்வதும் மாணவரின் பொறுப்பு. அதனைக் காதுகொடுத்துக் கேட்பது பெற்றோரின் பொறுப்பு. கேலி பேசாமல், புதிய கண்ணாடியோடு படியிறங்கும் தோழருக்குக் கைகொடுப்பது வகுப்பில் உள்ள ஏனையோரின் பொறுப்பு.

பயிற்சி

1. கார்னியாவின் வளைவைக் கிளிமூக்கு மாம்பழத்தோடு ஒப்பிடுவது எவ்வகையில் பொருந்தும்? எவ்வகையில் பொருந்தாது?

2. கண்ணாடிச் சீட்டில் 170 என்னும் அச்சு எண்ணைக் கண்டு அஞ்சும் ஒருவர்க்கு நீங்கள் கூறும் விளக்கத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

3. புதிய கண்ணாடி அணிந்தபின் பொறுத்திருக்க வேண்டிய தொல்லைகள், உடனே சொல்ல வேண்டிய தொல்லைகள் என இரு பிரிவாக அட்டவணை இடுக.

4. உருளை வில்லை உள்ள கண்ணாடியை ஒரு கை நீளத் தொலைவில் பிடித்து, அதன் வழியே சன்னலின் நிமிர்ந்த கம்பியைப் பார்த்தவாறு கண்ணாடியை மெல்லச் சுழற்றுக. கம்பி சாய்வதையும் மீண்டும் நிமிர்வதையும் கண்டு, காரணத்தை எழுதுக.

5. 'கண்' என்னும் சொல்லில் புள்ளி நீங்கினால் பொருள் மாறுவதுபோல், புள்ளியால் பொருள் வேறுபடும் ஐந்து சொல் இணைகளை எழுதித் தொடரில் அமைக்க.